செல்லும் தண்ணீர், செல்லாத தண்ணீர்

எட்டு வயதில் எனக்கு மோட்சத்துக்குப் போகிற வழி தெரிந்திருந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழி தெரியாது. தனியாக அனுப்ப மாட்டார்கள். ஆனால் மோட்சத்துக்கு எங்கே திரும்ப வேண்டும், எந்தச் சந்தில் நுழைந்தால் நரகத்தில் போய் முட்டும் என்பதெல்லாம் அத்துப்படி. மனிதரை ரட்சிக்கச் சர்வேசுரன் ஒரு திட்டம் வைத்திருக்கிறார், அந்தத் திட்டத்துக்குச் சில சட்டங்கள் உண்டு, சட்டப்படி நடந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கணக்குப் பாடத்தைவிட இதில் விடை சுலபமாக வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. கொடி போனாலும் வார்த்தைகள் போகவில்லை. எங்களுக்கு ஞானோபதேசம் நடத்திய கன்னியாஸ்திரியை ‘மசேர்’ என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சில் அதற்கு ‘என் சகோதரி’ என்று பொருளாம். அவர் கையிலிருந்த பிரம்பைப் பார்த்த யாருக்கும் அந்தப் பொருள் தோன்றியிருக்காது.

அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை. முதல் முறையாக நற்கருணை வாங்குகிற வருஷம். அதற்குள் மந்திரங்களும் கேள்வி பதில்களும் மனப்பாடமாகிவிட வேண்டும். தப்பில்லாமல் ஒப்பிக்கிறவள் புதுநன்மையன்று வெள்ளைக் கவுனும் முக்காடுமாக, எரியும் மெழுகுவத்தியோடு எல்லோருக்கும் முன்னால் நடப்பாள். அதோடு, பிரான்ஸிலிருந்து வந்த, ஓரமெல்லாம் பூப்பூவாக வெட்டிய ஒரு மாதா படமும் அவளுக்குத்தான். அந்தப் படத்தை மசேர் வாரம் ஒரு முறை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுவார். அது எனக்குத்தான் என்று எனக்கும் தெரியும், வகுப்பிலிருந்த மற்றவர்களுக்கும் தெரியும்.

ஒரு நாள் ஆபத்து ஞானஸ்நானம் பற்றிப் பாடம் நடந்தது. சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும் என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆணோ பெண்ணோ, பெரியவரோ சிறியவரோ, கிறிஸ்தவரல்லாதவர்கூடக் கொடுக்கலாம். ஆனால் சட்டம் தவறக்கூடாது. தண்ணீர் ஊற்றுகிறவரேதான் வார்த்தையையும் சொல்ல வேண்டும். தண்ணீர் மூன்று முறை தலையில் ஓட வேண்டும், ஈரம் பட்டால் போதாது. வார்த்தையில் ஒன்று குறைந்தாலும் செல்லாது. தண்ணீர், தண்ணீராகவே இருக்க வேண்டும்.

“கிணத்துத் தண்ணி, ஆத்துத் தண்ணி, மழைத் தண்ணி, கடல் தண்ணி, எல்லாம் செல்லும்,” என்றார் மசேர். “பால் செல்லாது. பன்னீர் செல்லாது. எச்சி செல்லாது.”

“எளநீர், மசேர்?”

“செல்லாது.”

“மோரு?”

“செல்லாது.”

“சோடா?” என்று நான் கேட்டேன்.

மசேர் கொஞ்சம் தயங்கினார். சாமியாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், கடைசிவரை சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தைப் பார்த்துத் தைரியம் வந்து, சாரம் என்கிற பக்கத்து ஊரிலிருந்து நடந்துவருகிற பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “சாராயம், மசேர்?” என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“செல்லாது. முட்டி போடு,” என்றார் மசேர்.

அன்று சாயங்காலமே என் மரப்பாச்சிக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். அடுத்து வீட்டுப் பூனைக்குக் கொடுத்தேன். இரண்டாவது முறை ஊற்றுவதற்குள் அது ஓடிவிட்டதால் அந்த ஞானஸ்நானம் செல்லாமல் போயிற்று. அம்மா பார்த்துவிட்டு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் சாதாரணமாக அடிக்கிறவள் இல்லை. ஏன் அடித்தாள் என்பதற்குக் காரணம் இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் எட்டு வயதில் தெரிந்ததையும் நடப்பதையும் சேர்த்துப் பார்க்க வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு தம்பி பிறந்து, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டான். சாமியாரை அழைத்துவர மாமாவை அனுப்பியிருந்தார்கள். மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, கல்யாணமாகாதவர், எங்களோடுதான் இருந்தார். கடலுக்குள் நீளும் கடற்கரைப் பாலத்தில் கப்பல் சரக்குக்குச் சீட்டு எழுதுகிற வேலை. சாமியார் இதோ வந்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்களே தவிர, யாருக்கும் தாங்களே தண்ணீர் ஊற்றலாம் என்று தோன்றவில்லை. மாமா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சைக்கிள் பஞ்சராகிவிட்டது என்றார். சாராயக்கடை வாசலில் அந்தச் சைக்கிள் நன்றாக நின்றிருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, மதிலை ஒட்டி, எருக்கஞ்செடிகளுக்கு நடுவே குழி வெட்டினார்கள். பங்கின் பெரிய சாமியார்தான் அப்படிச் சொன்னார், சட்டம் அது. அப்படிப்பட்ட குழந்தைகள் நரகத்துக்குப் போவதில்லை, மோட்சத்துக்கும் போவதில்லை, வலியில்லாத ஒரு இடத்தில் சர்வேசுரனைப் பார்க்காமல் என்றென்றைக்கும் இருப்பார்கள் என்று பிற்பாடு மசேர் எங்களுக்கு விளக்கினார். தம்பி போனதற்கு அடுத்த வருஷக் கல்லறைத் திருநாளன்று அம்மா மதிலுக்கு வெளியே போய் எருக்கஞ்செடி அடியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லி உதவலாம் என்று பார்த்தேன்.

“இங்க ஏத்தறதுல ஒரு பலனும் இல்லம்மா. மசேர் சொன்னாங்க.”

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

தம்பி போன மறுவாரம் அப்பா மாமாவைக் கூப்பிட்டு நடுவீட்டில் நிறுத்தினார். அப்பா மில்லில் நூல் பிரிவில் மேஸ்திரி, அதிகம் பேசமாட்டார்.

“இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு தெரிஞ்சா, அன்னியோட இந்த வாசப்படி உனக்கு இல்ல. உங்க அக்கா மொகத்துக்காகத்தான் இந்த ஒரு தடவ.”

மாமா வில்லியனூர் வரை நடந்தே போனார். மாதா சுரூபத்துக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டு, அங்கே குளத்துத் தண்ணீரை ஒரு நீல நிறப் பாட்டிலில் பிடித்து வந்தார். யாரோ பிரெஞ்சுக்காரர் வீட்டில் வாசனைத் திரவியம் இருந்த பாட்டில், கழுத்தில் தக்கை. அம்மா அதில் ‘மாதா தீர்த்தம்’ என்று எழுதிய காகிதத்தை ஒட்டி, நடுவீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தாள். உயிருக்கு ஆபத்தான வியாதி வந்தாலொழிய அதை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அன்றிலிருந்து மாமா திருந்திவிட்டார். வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, சுவரைப் பார்த்தபடி கால்மணி நேரம் ஜெபம் செய்வார். அந்த நேரத்தில் யாரும் நடுவீட்டுக்குள் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஜெபம் முடிந்து வரும்போது முகம் பிரகாசமாக இருக்கும், கண் கலங்கியிருக்கும். இவ்வளவு பக்தி உள்ளே இருந்திருக்கிறதே என்று தெருவே ஆச்சரியப்பட்டது. எனக்கு மாமா என்றால் உயிர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு அழைத்துப் போகிற ஒரே ஆள் அவர். இந்த நிலவரத்தில் அவர் நேரே மோட்சத்துக்குப் போய்விடுவார், பாவக்கறை தீரும்வரை நிறுத்திவைக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில்கூட அதிகம் நிற்க வேண்டியிராது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு வலி கண்டது. ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அன்று மில்லில் வேலை இருந்தது. தெருக்கோடியிலிருந்து மருத்துவச்சி வந்தாள். குங்குமமும் பெரிய கொண்டையுமாக, வெற்றிலை போட்ட வாயோடு, எங்கள் தெருவில் பாதிப் பேரை வெளியே எடுத்தவள் அவள். ஆண் குழந்தை பிறந்தது, அழவில்லை. “புள்ள சோர்ந்து கெடக்குது. உங்க சாமியாரக் கூட்டியாறதுன்னா சுருக்க ஆள் அனுப்புங்க,” என்றாள் அவள் உள்ளேயிருந்து.

வீட்டில் இருந்த ஒரே ஆண் மாமா.

“அவன் வேணாம்,” என்றாள் அம்மா. குரல் எழவில்லை, ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மாமாவுக்கும் கேட்டது. மாமா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சட்டைகூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அறை வாசலில் நின்றேன். மருத்துவச்சி குழந்தையை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது நீலம் பாரித்துக் கிடந்தது. எனக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், மறைக்காமல் சொல்வதென்றால், பெருமை. அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். குடத்துத் தண்ணீர் நாலடி தள்ளி இருந்தது. அதை மொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் என் தம்பிக்குச் சாதாரணக் குடத்துத் தண்ணீர் எதற்கு என்று தோன்றியது. முக்காலியில் ஏறிப் பலகையிலிருந்த நீலப் பாட்டிலை எடுத்துத் தக்கையைப் பல்லால் கடித்துப் பிடுங்கினேன்.

“நவுருங்க,” என்றேன் மருத்துவச்சியிடம்.

அவள் என்ன நினைத்தாளோ, தடுக்கவில்லை. குழந்தையின் தலையை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். வாயில் முதலில் வந்த அர்ச்சியசிஷ்டவர், அதாவது புனிதர், சூசையப்பர். அந்தப் பெயரையே வைத்தேன். பிதாவினுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவினுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று, மூன்று முறை சிலுவை அடையாளமாக ஊற்றி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். தாராளமாகவே ஊற்றினேன். நெற்றியில் வழிந்து மூக்கிலும் உதட்டிலும் இறங்கியது.

குழந்தை உடம்பை முறுக்கிக்கொண்டு வீல் என்று கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. நீலம் போய்ச் சிவப்பு ஏறியது. அதே நேரத்தில் மருத்துவச்சி அதன் உள்ளங்காலில் சுண்டிக்கொண்டும் இருந்தாள். எதனால் அழுதது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வாசலில் கூடியிருந்த பெண்கள் “மாதாவே! மாதாவே!” என்று அழுதார்கள். அம்மாவும் அழுதாள்.

மருத்துவச்சி மட்டும் மூக்கை உறிஞ்சினாள். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். “உங்க சாமித் தண்ணி நல்லாத்தான் ஏறுது,” என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வாசனை எனக்கு எட்டியது. பல்லில் கடித்த தக்கையின் காரம் நாக்கில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாமாவின் வாசனை, தோளில் ஏறி உட்காரும்போது அவர் வாயிலிருந்து வருமே அது. கால்மணி நேர ஜெபமும் கலங்கிய கண்ணும் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டன. கூடவே பின்வரிசைப் பெண்ணின் கேள்வியும் மசேரின் பதிலும் காதில் கேட்டன. செல்லாது. என் தம்பி கத்திக்கொண்டிருந்தான். ஆனால் அவன் இன்னும் மதிலுக்கு வெளியேதான் இருந்தான்.

மாமா வந்துவிட்டார். பெரிய சாமியாரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அங்கி சக்கரத்தில் சிக்காமல் சுருட்டிப் பிடிக்கச் சொல்லி, வழியில் எங்கும் நிற்காமல் மிதித்து வந்திருந்தார். மார்பெல்லாம் வேர்வை. ஜனங்கள் அவருக்கு முன்னால் ஓடிவந்து, தீர்த்தத்தால் பிள்ளை பிழைத்த அற்புதத்தைப் ‘புதுமை, புதுமை’ என்று சொன்னார்கள். மாமாவின் கண் என் கையிலிருந்த நீலப் பாட்டிலில் போய் நின்றது. ஒரு மனிதரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பெரிய சாமியார் பிரெஞ்சுக்காரர். முப்பது வருஷமாக எங்கள் ஊரில் இருந்தார்; தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றதால் புத்தகம் மாதிரியே பேசுவார். அவருடைய சொந்த ஊரில் அவர்கள் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு என்றும், பூசைக்கு வரும் திராட்சரசத்தைத் தக்கை திறந்து முகர்ந்த மாத்திரத்தில் அது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவார் என்றும் பூசைக்கு எடுத்துவைக்கிற கோயில்பிள்ளை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் குழந்தைக்கு மேல் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு நிமிர்ந்து, “யார் ஞானஸ்நானம் கொடுத்தது?” என்று கேட்டார். நான் முன்னால் போனேன்.

“நீ என்ன தண்ணீர் ஊற்றினாய்?”

“வில்லியனூர் மாதா தீர்த்தம் சாமி!” என்று வாசலிலிருந்து பத்துப் பேர் சொன்னார்கள்.

“நான் அவளைக் கேட்கிறேன்.”

சட்டம் எனக்குத் தெரியும். கொடுத்த ஞானஸ்நானம் செல்லும் என்றால் இரண்டாவது முறை கொடுப்பது பெரும் பாவம்; சாமியார் கொடுக்கமாட்டார். தீர்த்தம் என்று நான் சொன்னால் அத்தோடு முடிந்தது, தம்பி ஞானஸ்நானம் இல்லாதவனாகவே கிடப்பான். ஏழு மாதக் குழந்தை. ராத்திரி தாண்டுமோ தாண்டாதோ. சாராயம் என்று சொன்னால் தம்பிக்கு மோட்சம் நிச்சயம், மாமாவுக்கு வீடு இல்லை. அப்பாவுக்கு ஆள் போயிருந்தது. எந்த நேரமும் வந்துவிடுவார். மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. அவர் அசைத்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன்.

“தண்ணி சரியாத்தான் ஊத்துனேன் சாமி,” என்றேன். “வார்த்தையிலதான் தப்பு. ‘சுதனுடையவும்’னு சொல்ல மறந்துட்டேன்.”

இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. பொய் சொன்னதற்காக அல்ல. பொய் அற்பப் பாவம்தான், அதை யோசித்தே சொன்னேன். அந்த மந்திரத்தை நான் மறந்தேன் என்று தெருவே கேட்க என் வாயால் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

“நிச்சயமாகவா?”

“நிச்சயம் சாமி.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். “அப்படியானால் மறுபடியும் ஊற்ற வேண்டும். நீர் போய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து வாரும். உம்முடைய கையால் இறையும். வேறு ஒருவரும் வேண்டாம்,” என்றார். மாமா ஓடினார். செம்பைக் கொண்டுவந்து நீட்டும்போது பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. மிச்சம் போதுமானதாக இருந்தது. சாமியார் லத்தீனில், நீ இதுவரை ஞானஸ்நானம் பெறாதிருந்தால் என்று தொடங்கி, எல்லா வார்த்தையும் சொல்லி ஊற்றினார். நான் உதட்டுக்குள் கூடவே எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்றும் குறையவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசலிலிருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு சொட்டுத் தீர்த்தம் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் காய்ச்சல், எதிர்வீட்டில் பிள்ளையில்லை. சாமியார் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கித் தக்கையை அழுத்தி அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். “இது கோயிலில் இருக்க வேண்டியது,” என்றார். புதுமையைச் சாமியார் தனக்கே எடுத்துக்கொண்டு போனதில் தெருவில் பலருக்கு வருத்தம். ஒரு வாரம் கழித்துப் பாட்டில் திரும்பி வந்தது. கழுத்துவரை தண்ணீர் நிறைந்திருந்தது. தக்கைமேல் மெழுகு உருக்கி ஊற்றி முத்திரை வைத்திருந்தார்கள். புதுமையின் சக்தி வெளியே போகாமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நான் தம்பிக்கு விளக்கினேன்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது பேரன் எடுத்துவிட்டான். இரைந்து பேசுகிற குணம் மட்டும் போகவில்லை.

செய்தி மசேருக்கு மறுநாளே எட்டியது. எழுந்து நிற்கச் சொன்னார். “திருத்துவத்துல ரெண்டாமவர் யாரு?” என்று கேட்டார். “சுதன், மசேர்.” “இப்ப தெரியுது,” என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாதா படமும் மெழுகுவத்தியும் முன்னால் நடக்கிற உரிமையும் பின்வரிசைச் சாரத்துப் பெண்ணுக்குப் போயின. சாராயம் செல்லுமா என்று கேட்டவளுக்கு. நான் அன்றிரவு சாப்பிடவில்லை. மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் அவர் குடிக்கவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். சில மாதம் குடிக்கவில்லை. பிறகு குடித்தார், வீட்டுக்கு வெளியே, எப்போதாவது.

புதுநன்மைக்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்குவது. கூண்டுக்குள் பெரிய சாமியாரின் காது மட்டும் சல்லடைத் தட்டிக்குப் பின்னால் தெரிந்தது. மற்ற பாவங்களை முடித்துவிட்டு, “ஒரு பொய் சொன்னேன் சாமி,” என்றேன்.

“எத்தனை தரம்?”

“ஒரு தரம்.”

“யாரிடம்?”

“உங்ககிட்டதான் சாமி.”

சாமியார் இருமினார். “ஒரு பிரியதத்த மந்திரம் சொல்,” என்றார். சாமியாரிடமே சொன்ன பொய்க்கு, அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிற ஒரே ஒரு பிரியதத்தமா! எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வயதாகிவிட்டது, சரியாகக் காதில் விழவில்லை என்று முடிவு செய்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முழு ஜெபமாலை சொல்லி முடித்தேன்.

திராட்சைத் தோட்டத்தில் பிறந்த மூக்கு, சாராயத்தில் குளித்த தலைக்கு மேல் அவ்வளவு நேரம் குனிந்திருந்ததே, அது ஜெபமல்ல என்று எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் அந்தப் பலகையைத் துடைத்தவள் அவள்தானே. அந்த அறையில் மாமாவைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு மாதம் அதைச் சுமந்து திரிந்தேன்.

புதுநன்மை முடிந்த அடுத்த வாரம் கல்லறைத் திருநாள் வந்தது. பெரிய சாமியார் லத்தீன் மந்திரம் சொல்லிக்கொண்டு வரிசை வரிசையாகக் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அம்மா தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வழக்கம்போல் மதிலுக்கு வெளியே போனாள். மாமாவும் போனார், அவர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எருக்கஞ்செடி அடியில் உட்கார்ந்து, அம்மா ஏற்றிய மெழுகுவத்தியைக் காற்று அணைக்காமல் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

சாமியார் அங்கியும் தீர்த்தச் செம்புமாக வாசலைத் தாண்டி வெளியே வந்தார். கூட யாரும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வந்து நின்று, “பெயர் என்ன?” என்று அம்மாவிடம் கேட்டார்.

தோளில் இருந்த தம்பியைக் கேட்கிறார் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். அம்மா கீழே மண்ணைப் பார்த்து வேறொரு பெயரைச் சொன்னாள். அதுவரை அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

சாமியார் அந்தப் பெயரைச் சொல்லி மண்ணில் தீர்த்தம் தெளித்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. மந்திரிக்காத மண், ஞானஸ்நானம் பெறாத பிள்ளை. எந்தப் புத்தகத்திலும் இதற்கு இடமில்லை. இதை இவருக்கு யாராவது சொல்ல வேண்டாமா என்று தவித்தேன். என் முகத்தை அவர் பார்த்திருக்க வேண்டும்.

“என்ன, நீ சொல். இது செல்லுமா?” என்று கேட்டார்.

கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “செல்லாது சாமி,” என்றேன்.

“சரியான பதில்,” என்றார் அவர். பிறகு மறுபடியும் செம்புக்குள் கையை விட்டு, அதே இடத்தில் இன்னொரு முறை தெளித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விடை தெரிந்த பிறகும் எதற்காக இன்னொரு முறை தெளிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வீடு வந்து சேரும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.